ஒரு பொட்டலம் போதாது

மைக்ரோவேவ் அடுப்பில் பொரிக்கும் பாப்கார்ன் பொட்டலங்களைப் பற்றி மருத்துவமனை இதழில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என வாசகர்கள் வியக்கக்கூடும். சென்ற ஆண்டு என் தந்தையார் இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பெற்று வீடு திரும்பிய பின், ஒரே வாரத்தில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளே இக்கட்டுரைக்குக் காரணம். ஒன்று சிறுவனின் விளையாட்டு. மற்றொன்று உயிரோடு தொடர்புடையது.

ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் தங்கையின் மகன், பள்ளிச் செய்முறைப் பயிற்சிக்காக இரு நிறுவனங்களின் பாப்கார்ன் பொட்டலங்களில் ஒவ்வொன்றை வாங்கிவந்து பொரித்தான். பின்னர், பொரியாமல் அடியில் தங்கிய மணிகளைப் பொறுமையாக எண்ணினான். ஒன்றில் 27 மணிகள், மற்றொன்றில் 41. “மாமா, இந்தக் கம்பெனிதான் நல்ல கம்பெனி. கணக்கே சொல்லிவிட்டது பாருங்கள்!” என்றான் பெருமிதத்துடன்.

அதே வாரத்தில் தந்தையாரை மறுபரிசோதனைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். புறநோயாளிகள் பிரிவில் எங்களுக்கு அருகில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் அன்பு மிகுதியால் ஒரு யோசனை கூறினார். “எங்க வீட்டுக்காரருக்கும் இதே மாத்திரைதான் தம்பி. வயிறு எரியுதுன்னு நிறுத்திட்டார். ஒரு மாசமாச்சு, கல்லுக்குண்டு மாதிரி இருக்கார். அப்பாவுக்கும் நிறுத்திப் பாருங்க.” நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் தந்தையார் அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அவருக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது. எங்களிடம் ஒரு சொல்லும் கூறாமல், ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறையாமல் காக்கும் அந்த மாத்திரையை நான்கு நாட்கள் உட்கொள்ளாமல் விட்டுவிட்டார்.

நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பிப்பவன். சிறுவனின் கணக்கிலிருந்த பிழையை அக்கணமே கண்டுகொண்டேன். அம்மையாரின் கூற்றிலும் அதே பிழைதான் இருந்தது என்பது, மாத்திரை அட்டையில் நான்கு மாத்திரைகள் மிகுந்திருந்ததைக் கண்ட பின்னரே எனக்கு உறைத்தது. பாப்கார்ன் பொட்டலத்தைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளை மருந்தைப் பற்றியும் கேட்கப் பழக வேண்டும் என்பதே என் கருத்து. அக்கேள்விகளுக்குப் பட்டப்படிப்பு தேவையில்லை.

பொட்டலத்துக்குப் பொட்டலம்

முதலில் பாப்கார்ன். சோள மணியின் உள்ளே அதன் எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு நீர் இருக்கும். மணி 180 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டுகையில், உள்ளிருக்கும் நீராவியின் அழுத்தத்தைத் தாங்க இயலாமல் தோல் வெடிக்கிறது. உள்ளிருக்கும் மாவுப்பொருள் நுரைத்து மலர்கிறது. தோலில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் நீராவி கசிந்துவிடும், அம்மணி பொரியாது. பொட்டலம் கடையில் நெடுநாள் கிடந்து மணிகள் உலர்ந்திருந்தாலும் சரியாகப் பொரியாது.

அடுப்பும் தன் பங்குக்கு வேறுபாட்டை உண்டாக்கும். மின்னழுத்தம் குறைந்தால் சூடு குறையும். முதற் பொட்டலத்தால் அடுப்பின் உட்புறம் வெம்மையடைந்திருக்கும். இரண்டாவது பொட்டலத்துக்கு அது சாதகமாகவோ பாதகமாகவோ அமையலாம். எப்போது அடுப்பை நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம். ஐந்து வினாடிகள் முன்னதாக நிறுத்தினால் பொரியாதவை மிகும்; பின்னதாக நிறுத்தினால் கருகும்.

ஆதலால் ஒரே நிறுவனத்தின் இரண்டு பொட்டலங்களை அடுத்தடுத்துப் பொரித்தாலும் ஒரே எண்ணிக்கை வராது. சிறுவன் கண்ட 27, 41 என்னும் எண்கள் நிறுவனங்களின் தரத்தால் வேறுபட்டனவா, அன்றி அந்த இரு பொட்டலங்களின் தலைவிதியால் வேறுபட்டனவா என்று அவ்விரு எண்களை மட்டும் வைத்துக் கூற எவராலும் இயலாது.

நேர்மையான ஒப்பீட்டுக்குச் சில ஏற்பாடுகள் தேவை. ஒவ்வொரு நிறுவனத்திலும் பல பொட்டலங்களை, இயன்றால் வெவ்வேறு கடைகளில், வாங்க வேண்டும். எதை முதலில் பொரிப்பது என்பதை நம் விருப்பப்படி முடிவு செய்யாமல் குலுக்கல் முறையில் தீர்மானிக்க வேண்டும். வெடியோசைகளுக்கிடையே இரண்டு வினாடி இடைவெளி வந்தவுடன் நிறுத்துவது என்பது போன்ற விதியை முன்கூட்டியே வகுத்துக்கொள்ள வேண்டும். மணிகளை எண்ணுபவருக்கு அது எந்த நிறுவனத்தின் பொட்டலம் என்பது தெரியாதிருக்க வேண்டும். தெரிந்தால், அரைகுறையாகப் பொரிந்த மணியை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற ஐயம் எழும்போது, கை தன்னையறியாமல் பிடித்த பக்கம் சாயும். பொட்டலங்களின் எடை வேறுபட்டால் எண்ணிக்கையை விடுத்து விழுக்காட்டை ஒப்பிட வேண்டும்.

மருந்தாய்வுகளைப் பற்றிப் படித்திருப்பவர்களுக்கு இவ்விதிகள் பழக்கமானவையாகத் தோன்றும். நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பதும், யாருக்கு எம்மருந்து என்பதை நோயாளியும் மருத்துவரும் அறியாவண்ணம் மறைப்பதும், எதை அளப்பது என்பதை முன்னரே எழுதிவைப்பதும் அங்கும் உண்டு. பொட்டலங்களின் இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். அதனாலேயே அவ்விதிகள் மேலும் கண்டிப்பானவை.

எத்தனை போதும்?

எத்தனை பொட்டலங்கள் இருந்தால் நம்பலாம்? விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு கணக்கைக் காட்டுகிறேன். இரு நிறுவனங்களும் உண்மையில் தரத்தில் சிறிதும் வேறுபடாதவை என வைத்துக்கொள்வோம். எல்லாப் பொட்டலங்களையும் பொரியாத மணிகளின் எண்ணிக்கைப்படி வரிசையாக நிறுத்துவோம். ஒரு நிறுவனத்தின் பொட்டலங்கள் அனைத்தும் மற்றதை முழுமையாக வெல்வது, வெறும் தற்செயலால் எத்தனை முறைக்கு ஒருமுறை நிகழும்?

ஒவ்வொன்றிலும் ஒரே பொட்டலம் என்றால், எப்போதுமே ஏதேனும் ஒன்று வெல்லும். அந்த வெற்றிக்குப் பொருளே இல்லை. இவ்விரண்டு என்றால் 3 முறைக்கு ஒருமுறை தற்செயலாகவே முழுவெற்றி கிட்டும். மும்மூன்று என்றால் 10 முறைக்கு ஒருமுறை. நந்நான்கு என்றால் 35 முறைக்கு ஒருமுறை. ஐந்தைந்து என்றால் 126 முறைக்கு ஒருமுறை. எண்ணிக்கை சற்றே கூடும்போது தற்செயலின் கை எவ்வளவு விரைவாகத் தளர்கிறது என்பதைக் காண்க.

இது என் கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தின் ரொனால்ட் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட சோதனை வடிவமைப்பு பற்றிய நூலில் இதே கணக்கைத் தேநீர்க் கோப்பைகளை வைத்து விளக்கினார். பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்பதைச் சுவைத்தே கூறிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. அவ்வாறு நான்கு, இவ்வாறு நான்கு என 8 கோப்பைகள். அவற்றை நான்கு நான்காகப் பிரிக்க 70 வழிகள் உள்ளன. ஆகவே வெறும் ஊகத்தால் எல்லாவற்றையும் சரியாகக் கூறுவது 70-இல் ஒரு வாய்ப்பே. ஒரு கோப்பையைச் சரியாகக் கூறியிருந்தால் அவரை எவரும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் முழுவெற்றி அரிது. ஒரு நிறுவனத்தின் ஐந்து பொட்டலங்களில் 28, 32, 34, 41, 45 என்றும், மற்றதில் 30, 36, 38, 47, 49 என்றும் பொரியாத மணிகள் எஞ்சின எனக் கற்பனை செய்வோம். சராசரிகள் முறையே 36, 40. முதல் நிறுவனம் சிறந்ததாகத் தோன்றும். ஆனால் அந்நிறுவனத்தின் பொட்டலங்களுக்குள்ளேயே 17 மணி அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கையில், சராசரிகளுக்கிடையிலுள்ள 4 மணி வேறுபாட்டைப் பெரிதாகக் கொள்ள இயலுமா? இயலாது. அதே வேளையில், இரண்டும் சமம் என நிறுவிவிட்டதாகவும் கூறக்கூடாது. இன்னும் தெரியவில்லை என்பதே நேர்மையான விடை. மருத்துவர் சில வேளைகளில் “உறுதியாகக் கூற இயலாது” என்று சொல்லும்போது நாம் மனம் சலிக்கிறோம். அது பெரும்பாலும் அறியாமையின் அடையாளமன்று. எண்களை மதிப்பவரின் பேச்சு.

காத்திருப்போர் அறையில் இல்லாதவர்கள்

இனி அந்த அம்மையாரின் கூற்றுக்கு வருவோம். அவர் பொய்யுரைக்கவில்லை. அவருடைய கணவர் மாத்திரையை நிறுத்தினார், நலமாக இருக்கிறார், இரண்டும் உண்மை. ஆனால் அது ஒரே ஒரு பொட்டலம்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. மாத்திரையை நிறுத்தியும் நலமாக இருப்பவரே காத்திருப்போர் அறையில் அமர்ந்து கதை கூற இயலும். நிறுத்திய பின் ஸ்டென்ட்டில் இரத்தம் உறைந்து மாரடைப்புக்கு ஆளானவர் அந்த இருக்கையில் இருக்கமாட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். சிலர் அங்கும் இல்லை. நம் காதில் விழும் கதைகள் எல்லாப் பொட்டலங்களிலிருந்தும் வருவனவல்ல. நன்றாகப் பொரிந்தவற்றிலிருந்து மட்டுமே வருகின்றன.

மேலும், அம்மாத்திரை தடுக்க முயலும் ஆபத்து எல்லோருக்கும் உடனே நேர்வதன்று. நிறுத்துபவர்களில் பெரும்பாலோர் சில வாரங்கள் எவ்விதத் துன்பமுமின்றிக் கழிப்பர். ஆனால் நேர்ந்தவர்க்கு அது உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே ஒருவர் ஒரு மாதம் நலமாக இருந்ததை வைத்து மாத்திரை வேண்டாததென்று முடிவு கட்ட இயலாது.

என் தந்தையாருக்கும் நல்வாய்ப்பாக எதுவும் நேரவில்லை. “நான்கு நாள் விட்டேன், எனக்கு என்ன ஆகிவிட்டது?” என்று அவர் கேட்டபோது, எனக்குச் சினமும் சிரிப்பும் ஒருங்கே எழுந்தன. அதுவும் ஒரு பொட்டலம்தான் என்று அவருக்கு எடுத்துரைத்தேன். மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் கூறினோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. வயிற்றெரிச்சலுக்கு வேறொரு மாத்திரையைச் சேர்த்தார். முதல் மாத்திரையைத் தொடரச் செய்தார். எரிச்சலைப் பற்றி முன்னரே கூறியிருந்தால் அந்த நான்கு நாள் ஆபத்தே நேர்ந்திருக்காது.

ஒருவரின் அனுபவத்துக்கு மதிப்பே இல்லையா?

“நான் சராசரி மனிதன் அல்லன், என் உடல் எனக்குத்தான் தெரியும்” என்று நோயாளிகள் கூறுவதுண்டு. அதில் நியாயம் இருக்கிறது. தனி ஒருவரின் அனுபவம் ஆய்வுக்குத் தொடக்கமாக அமையும் என்பதற்கு, பாப்கார்ன் தொழிலிலிருந்தே ஒரு சான்று உண்டு.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்னும் சிற்றூரில் மைக்ரோவேவ் பாப்கார்ன் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அங்குப் பணிபுரிந்த எட்டுப் பேர், நுரையீரலின் நுண்குழல்கள் தழும்பேறி அடைபடும் அரிய நோய்க்கு ஆளாகியிருந்தது 2000-ஆம் ஆண்டில் மாநில நலத்துறையின் கவனத்துக்கு வந்தது. மூச்சுத் திணறலால் துன்புற்ற எட்டு மனிதர்கள். எட்டுத் தனிக் கதைகள். அத்துடன் நின்றிருந்தால் அது வெறும் துயரச் செய்தியாகவே முடிந்திருக்கும்.

ஆய்வாளர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டனர்: இவ்வளவு பேரில் வழக்கமாக எத்தனை பேருக்கு இத்தகைய குறை இருக்கும்? அப்போது பணியிலிருந்த தொழிலாளர்களில் 117 பேரைப் பரிசோதித்து, அந்நாட்டு மக்களின் பொதுக் கணக்கோடு ஒப்பிட்டனர். மூச்சுக்குழல் அடைப்பு, எதிர்பார்க்கத்தக்க அளவைப்போல் 3.3 மடங்கு இருந்தது. ஒருபோதும் புகைபிடிக்காதவர்களிடையே அது 10.8 மடங்கு. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்க்கப்பட்ட டைஅசிட்டைல் என்னும் வேதிப்பொருளின் ஆவியை மிகுதியாகச் சுவாசித்தவர்களிடம் பாதிப்பும் மிகுதியாக இருந்தது. இம்முடிவுகள் 2002-இல் வெளியாயின. பின்னர் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் பல அப்பொருளைத் தம் பாப்கார்னிலிருந்து நீக்கின. அந்த ஆய்வு ஆலைத் தொழிலாளர்களைப் பற்றியது. எப்போதேனும் ஒரு பொட்டலம் உண்பவர் அதைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை.

எட்டுப் பேரின் அனுபவம் கேள்வியை எழுப்பியது. ஒப்பீடு விடையைத் தந்தது. உங்கள் வயிற்றெரிச்சலும் மயக்கமும் தோல் அரிப்பும் அவ்வாறே. அவற்றை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். ஒருவேளை அவை எவரும் அறியாத ஒன்றின் முதல் அறிகுறியாக இருக்கலாம். அவற்றின் காரணத்தை நீங்களே தீர்மானித்து மருந்தை நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

சென்னை காட்டிய வழி

கண்ணால் காண்பதையும் ஒப்பீடு பொய்யாக்கக்கூடும் என்பதற்கு நம் சென்னை நகரமே சான்று. காசநோயாளிகள் குணமடைய வேண்டுமாயின், தனி மருத்துவ விடுதியில் தங்கி, படுத்து ஓய்வெடுத்து, சத்துணவு உண்ண வேண்டும் என்று உலகெங்கும் நம்பிய காலம் ஒன்றிருந்தது. விடுதியில் சேர்ந்தவர் உடல் தேறுவதைக் குடும்பத்தார் கண்ணாரக் கண்டனர். அவ்வாறிருக்க, யார்தான் ஐயுறுவர்?

1956-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் காசநோய் ஆய்வு மையம் அதைச் சோதித்தது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை விடுதியில் வைத்தும் மறு பிரிவினரை அவரவர் வீட்டில் வைத்தும், ஓராண்டு ஒரே மருந்துகளை அளித்தனர். வீட்டிலிருந்தோர் வறியவர்கள்; நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள்; விடுதியிலிருந்தோரைவிடக் குறைவான உணவும் குறைவான ஓய்வும் பெற்றவர்கள். எனினும் 1959-இல் வெளியான முடிவுகளின்படி, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டில் உடனிருந்த குடும்பத்தாருக்குத் தனிப்பட்ட கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்பதும் தொடர்ந்த ஆய்வில் தெரிந்தது. மருந்து ஒழுங்காகச் சென்று சேர்வதே முதன்மையானது என்பதை உலகம் அதன்பின் ஏற்றது. குடும்பத்தைப் பிரியாமல் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் இன்றைய காசநோயாளிகள் அனைவரும் அந்த 193 பேருக்குக் கடன்பட்டவர்கள்.

எதை அளக்கிறோம்?

புள்ளியியலைப் போற்றும் நான் அதன் எல்லையையும் கூறியாக வேண்டும். எதை அளக்க வேண்டும் என்பதை அது நமக்குச் சொல்லாது. பொரியாத மணிகள் மிகக் குறைந்த பொட்டலம் எது எனப் பிழையின்றிக் கண்டுபிடித்துவிட்டோம் என்றே கொள்வோம். அப்பொட்டலத்தில் உப்பு மிகுதியாக இருந்தால், இதய நோயாளியான என் தந்தையாருக்கு அதனால் என்ன பயன்? ஒருவர் நாளொன்றுக்கு 2 கிராம் சோடியத்துக்கு மேல், அதாவது சுமார் 5 கிராம் உப்புக்கு மேல், உட்கொள்ளலாகாது என உலக நலவாழ்வு அமைப்பு அறிவுறுத்துகிறது. சோடியத்தின் அளவு பொட்டலத்தின் பின்புறம் சிற்றெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த அளவு முழுப் பொட்டலத்துக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் பார்க்க வேண்டும்.

சிகிச்சையிலும் அவ்வாறே. இரத்தப் பரிசோதனையின் எண் குறைவது நன்று. ஆயினும் நோயாளிக்கு வேண்டியது மாடிப்படி ஏறும் வலிமையாகவோ, இரவில் அமைதியான உறக்கமாகவோ, பேத்தியின் திருமணத்தைக் காணும் ஆயுளாகவோ இருக்கலாம். எது தமக்கு முதன்மை என்பதை நோயாளியே மருத்துவரிடம் எடுத்துரைக்க வேண்டும்.

வேறுபாட்டின் அளவையும் மறத்தலாகாது. ஆயிரக்கணக்கான பொட்டலங்களைப் பொரித்தால், ஒரே ஒரு மணி வேறுபாட்டைக்கூட ஐயமின்றி நிறுவிவிடலாம். அந்த ஒரு மணிக்காக இரு மடங்கு விலை கொடுப்போர் உளரோ? “நிறுவப்பட்டது” என்னும் சொல்லைக் கேட்டவுடன் “எவ்வளவு?” என்று கேட்பது நம் உரிமை.

ஆகவே, ஒரு மருந்தோ உணவோ கைவைத்தியமோ சிறந்தது என எவரேனும் கூறினால், அவர் உறவினராயினும் விளம்பரமாயினும் மருத்துவராயினும், பணிவுடன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எதனோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம்? யாருக்கு எது என்பதை எவ்வாறு பிரித்தார்கள்? எதை அளந்தார்கள், எவ்வளவு வேறுபாடு கண்டார்கள்? நல்ல மருத்துவர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார். விடை கிடைக்கும் வரை, எழுதிக் கொடுத்த மருந்தை நிறுத்தாதீர்கள். உடனிருப்போர் வாரம் ஒருமுறை மாத்திரை அட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

தங்கையின் மகன் தன் சேமிப்பிலிருந்து மேலும் நந்நான்கு பொட்டலங்கள் வாங்கி, நாணயம் சுண்டி வரிசை அமைத்து, தன் தாயாரின் கையில் எண்ணும் வேலையைக் கொடுத்தான். இம்முறை எந்த நிறுவனமும் தெளிவாக வெல்லவில்லை. அவனுக்குச் சற்று ஏமாற்றந்தான். என் தந்தையாருக்கோ, உப்பில்லாமல் வாணலியில் பொரித்த சோளப்பொரி ஒரு கிண்ணம் தனியே கிடைத்தது. இரவு மாத்திரையை விழுங்கிவிட்டு அதைக் கொறித்தபடியே அவர் பேரனிடம் கேட்டார்: “நான்கு போதுமா, இன்னும் வாங்க வேண்டுமா?”